பிளாக் டெஸ்டர்: மஞ்சளானால் நம்பலாம், நீலம் மாறாவிட்டால் யோசிக்கணும்

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வரும்; தரையில் ஒரு சொட்டு இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷம் மிஸ்ஸிங் அடித்து வண்டி உதறும். பழைய பெட்ரோல் கார் என்றால் உடனே “ஹெட்டைக் கழட்டிடலாம் சார்” என்பார்கள். அதற்கு முன் பிளாக் டெஸ்டரைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு குழாய், மேலே ரப்பர் பல்ப், அடியில் ரப்பர் கூம்பு, ஒரு பாட்டில் நீலத் திரவம், அவ்வளவுதான் கிட். ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் பழுதாகி, சிலிண்டர் புகை கூலன்டில் கசிந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்டை 2 அங்குலம் இறக்குங்கள். இல்லாவிட்டால் அது டெஸ்டருக்குள் ஏறி, திரவம் வீணாகும். ஸ்டார்ட் செய்து, சூடானதும் கூம்பை ரேடியேட்டர் வாயில் அழுத்திப் பிடித்து 2 நிமிஷம் பல்பை அமுக்கவும். மாருதி 800 மாதிரி வண்டிகளில் ரிசர்வ் டேங்க்கில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. அங்கே பிரஷரே கிடையாது, வெளிக்காற்றைத்தான் இழுக்கும். மூடிய ஷெட்டும் வேண்டாம், சைலன்சர் புகையே நிறத்தை மாற்றிவிடும். திரவம் வேலை செய்கிறதா என்று பார்க்க அதே புகையைக் கொஞ்சம் இழுத்துக் காட்டலாம். பிறகு நல்ல காற்றை அடித்தால் நீலம் திரும்பும்.

குறை இதுதான்: நீலம் மாறாததால் மட்டும் கேஸ்கெட் நல்லது என்று ஆகாது. சில கசிவு வண்டி நின்றபின், மிச்சப் பிரஷரில் மெதுவாகச் சிலிண்டருக்குள் இறங்கும். காலை மிஸ்ஸிங்குக்கு அதுவே காரணம். அதற்குப் பிரஷர் டெஸ்டர்தான் (ரேடியேட்டர் வாயில் மாட்டும், முள் மீட்டர் உள்ள கை பம்ப்) வேண்டும். ஆறிய இன்ஜினில், மூடியில் அச்சிட்ட அளவுக்கு (பெரும்பாலும் 0.9 பார்) மட்டும் பம்ப் செய்து இரவு முழுக்க விடுங்கள். முள் இறங்கியிருந்தால் முதலில் வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம், ஹீட்டர் பக்கத்துக் கார்ப்பெட் ஈரம் பாருங்கள். இரண்டும் காய்ந்திருந்தால் பியூயல், இக்னிஷன் இரண்டையும் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கூலன்ட் பீய்ச்சும் பிளக் ஓட்டைதான் குற்றவாளி. மற்ற பிளக்கெல்லாம் பழுப்பாக இருக்க, அந்த ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் வெளுத்திருக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்னொன்று: கூலன்ட் ரொம்பக் குறைந்தால் டெம்பரேச்சர் சென்சார் காற்றில் நின்று, இன்ஜின் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும், பெட்ரோல் அதிகம் இறங்கி ஐடிலிங் கெடும். முதலில் நிரப்பி, ஏர் எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றால் ஹெட்டில் கைவைக்காமல், கூலன்ட் எங்கே போகிறது என்பதை மட்டும் தேடினால் போதும்.