டாக்டர் ஹூ: டெனன்ட்டா, ஸ்மித்தா, கபால்டியா... இல்ல அதுக்கும் முன்னாடி யாராவதா?

டாக்டர் ஹூங்கிற பிரிட்டிஷ் டிவி சீரிஸ்ல டாக்டர்னா காலத்துல பயணம் பண்ற வேற்று கிரக ஹீரோ, ஆளு ஒண்ணுதான், நடிகர் மட்டும் மாறிட்டே இருப்பார். இதை பாக்குற நாலு பேர் ஒண்ணா உக்காந்தா பத்து நிமிஷத்துல "உன் டாக்டர் யாரு"ன்னு கேள்வி வந்துடும், அதுக்கப்புறம் டெனன்ட் கட்சி, ஸ்மித் கட்சி, கபால்டி கட்சின்னு பிரிஞ்சுடுவாங்க, ஓரமா ஒருத்தர் மட்டும் "டாலெக்கை டாம் பேக்கர் எதிர்த்து நின்னதை பாத்திருக்கீங்களாடா நீங்கல்லாம்"னு கத்திட்டு இருப்பார் (டாலெக்னா டாக்டரோட பரம எதிரி இனம்). எனக்கு சண்டை பிடிக்கும், ஆனா ஒரு குறை இருக்கு. நடிகரை பத்தி பேசறோம்னு நினைச்சுக்கிட்டு பாதி நேரம் நாம எழுதினவங்களை பத்திதான் பேசிட்டு இருக்கோம். டெனன்ட் காலத்துல பொறுப்பு ரஸல் டி டேவிஸ், ஸ்மித்துக்கும் கபால்டிக்கும் ஸ்டீவன் மொஃபட், ஜோடி விட்டேக்கருக்கு கிறிஸ் சிப்னல். கதை நல்லா இருந்தா நடிகருக்கு மாலை, கதை சொதப்பினா நடிகருக்கு அடி, இது என்ன நியாயம்.

அதனால நான் வச்சிருக்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான். டாக்டர் தோக்குறப்போ, இல்ல வாயடைச்சு நிக்கிறப்போ, ஆளு என்ன பண்றார்? பெரிய வசனத்தை பேக்ரவுண்ட் மியூசிக்கோட யாரு பேசினாலும் கைதட்டல் வரும், அதை கணக்குலயே எடுத்துக்கல.

புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1963 நவம்பர் 23ல பிபிசில ஆரம்பிச்ச சீரிஸ். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னல், கோவக்கார தாத்தா மாதிரி. அவருக்கு உடம்பு முடியாம போச்சு, சீரிஸை நிறுத்தவும் மனசில்ல, 1966ல "இந்த ஆளு சாகறப்போ உடம்பே மாறிடும்"னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பின்னாடி அதுக்கு ரீஜெனரேஷன்னு பேர் வந்துச்சு. நாம இன்னிக்கு போடற சண்டை மொத்தமும் அங்க ஆரம்பிச்சதுதான்.

அடுத்து வந்த பேட்ரிக் ட்ரவுட்டன்தான் என் கணக்குல இந்த சீரிஸ்லயே ரொம்ப பெரிய ரிஸ்க் எடுத்தவர். ஹார்ட்னலை காப்பி அடிச்சிருந்தா ஈஸி, அவர் அடிக்கல. தொளதொள பேன்ட், கலைஞ்ச தலை, கையில ஒரு ரெக்கார்டர் குழல், பாத்தா கோமாளி, ஆனா எல்லாரும் பேசிட்டு இருக்கிறப்போ மூலையில நின்னு ஒவ்வொருத்தரையா எடை போட்டுட்டு இருப்பார். அவரை ஜனங்க ஏத்துக்காம விட்டிருந்தா சீரிஸ் அன்னிக்கே முடிஞ்சிருக்கும், அதுக்கப்புறம் டாம் பேக்கரும் இல்ல டெனன்ட்டும் இல்ல. பாவம், பிபிசி பழைய டேப்பை எல்லாம் அழிச்சதுல ரொம்ப அடி வாங்கினது இவர் எபிசோடுங்கதான். இவருடைய 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' 1967ல வந்தது, காணாம போச்சுன்னே முடிவு பண்ணியிருந்தாங்க, தொண்ணூறுகளோட ஆரம்பத்துல ஹாங்காங்ல கிடைச்சுது. அதுல ஒரு சின்ன சீன் வரும், டாக்டர் கூட பயணம் பண்ற, அப்பாவை இழந்த விக்டோரியாங்கிற பொண்ணு தூக்கம் வராம உக்காந்திருக்கும், இவர் பக்கத்துல வந்து தன் குடும்பத்தை பத்தி மெதுவா பேசுவார், வேணும்னு நினைச்சா அவங்களை கண்முன்னாடி கொண்டு வரலாம், மத்த நேரம் எனக்குள்ள தூங்கிட்டு இருப்பாங்கங்கிற மாதிரி. குரலை கொஞ்சம் கூட உயர்த்த மாட்டார். மேட் ஸ்மித் ரோல் கிடைச்சதும் இந்த கதையை பாத்து கிறங்கிப் போனவர், டாக்டரா அவர் போட்ட போ டை சும்மா வரல, ட்ரவுட்டன் கிட்ட இருந்து வந்தது.

நைஜீரியாவுல கிடைச்சு 2013ல வெளிய வந்த 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்'ல ட்ரவுட்டன் டபுள் ஆக்ஷன், டாக்டரும் அவரே, உலகத்தை ஆள பாக்குற வில்லனும் அவரே. டபுள் ஆக்ஷன் பாத்தே வளர்ந்த நமக்கு இது தனி ருசி, விட்டுடாதீங்க.

ஜான் பெர்ட்வீ, வெல்வெட் கோட்டு, மஞ்ச கார், அடிதடி, 1970ல கலரோட வந்தவர். பிடிக்கும், ஆனா என் டெஸ்ட்டுக்கு அவர்கிட்ட ஸ்டைல்தான் அதிகம்.

டாம் பேக்கர் வேற ரகம். வேலை இல்லாம கட்டடம் கட்டுற இடத்துல வேலை பாத்துட்டு இருந்தவர், 1974ல இருந்து 1981 வரைக்கும் ஏழு சீசன், டிவியில வேற எந்த டாக்டரும் இவ்ளோ காலம் தொடர்ந்து இருந்ததில்ல. அந்த நீள ஸ்கார்ஃப், ஜெல்லி பேபி மிட்டாய், உருட்டி உருட்டி பாக்குற கண்ணு. 1975ல வந்த 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்'ல ரெண்டு ஒயரை கையில வச்சுட்டு நிப்பார், ஒட்டினா டாலெக் இனமே பிறக்காது, ஒட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கான்னு கேப்பார். அந்த இடத்துல ஜோக்கு, சிரிப்பு எல்லாம் கழண்டு போய் ஒரு பயந்த மனுஷன் தெரிவார். ஃபிலிப் ஹிஞ்ச்கிளிஃப் தயாரிச்ச முதல் மூணு வருஷம் டாப்பு. அதுக்கப்புறம் போகப் போக டாக்டர் குறைஞ்சு டாம் பேக்கர்தான் தெரிய ஆரம்பிச்சார், யார் கூட நின்னாலும் சீனை அவரே சாப்பிட்டுடுவார். ரசிகர்கள் அடிக்க வருவாங்க, பரவாயில்ல.

இப்ப ஒரு மாமனார் மருமகன் மேட்டர். பீட்டர் டேவிசன் அஞ்சாவது டாக்டர், டேவிட் டெனன்ட் பத்தாவது, டேவிசனோட பொண்ணைத்தான் டெனன்ட் கட்டியிருக்கார், அந்த பொண்ணும் 2008ல டாக்டரோட மகளாவே ஒரு எபிசோட்ல நடிச்சிருக்கு, குழப்பமா இருக்கா, அப்படித்தான் இருக்கும். சரி, ரெண்டு பேரும் சாகிற விதத்தை வச்சு பாருங்க. டேவிசன் 1984ல 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'ல, அவருக்கும் கூட வர்ற பெரிங்கிற பொண்ணுக்கும் விஷம் ஏறிடும், மருந்து கடைசியில ஒருத்தருக்குத்தான் மிஞ்சும், அதை அவளுக்கு குடுத்துட்டு செத்துப் போவார். உலகத்தை காப்பாத்த இல்ல, அறிமுகமாகி கொஞ்ச நாளே ஆன ஒரு பொண்ணுக்காக. டெனன்ட்டும் 2010 புத்தாண்டுக்கு வந்த எபிசோட்ல வில்ஃப்ங்கிற ஒரே ஒரு பெரியவருக்காகத்தான் சாகறார், ஆனா அதுக்கு முன்னாடி "இது நியாயமே இல்ல"ன்னு கத்துவார், அழுவார், அப்புறம் பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரையா போய் பாப்பார், கடைசியில "எனக்கு போக இஷ்டமில்ல"ன்னு சொல்லிட்டு போவார். முதல் தடவை பாக்குறப்போ கண்ணு கலங்கும், ஒத்துக்கறேன். ஆனா மறுபடி பாத்தா, அடுத்து வர்ற ஆளை வீட்டை பிடுங்க வந்தவன் மாதிரி ஆக்கிட்டு போறார் மனுஷன். இந்த ரவுண்டு மாமனாருக்கு.

டெனன்ட்டை இதோட இறக்கிட முடியாது, ஏன்னா 'மிட்நைட்'னு 2008ல ஒரு எபிசோட் இருக்கு. டெனன்ட்டோட ஆயுதம் வாய், பேசியே எந்த கூட்டத்தையும் கையில போட்டுப்பார். இங்க ஒரு வண்டிக்குள்ள மாட்டின சில பேர் நடுவுல அவர் பேச்சு எடுபடாது, அறிவாளித்தனமே அவருக்கு எதிரா திரும்பும், கடைசியில அவர் குரலே பறிபோய் வேற ஒருத்தி சொல்றதை திருப்பி சொல்ற பொம்மையா உக்காந்திருப்பார். அசையவே முடியாது, கண்ணு மட்டும்தான். டெனன்ட் வெறும் சார்மு, அழகுன்னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு எபிசோட் போதும்.

அவருக்கு முன்னாடி கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன், 2005ல 13 எபிசோட் மட்டும். லெதர் ஜாக்கெட் போட்டுட்டு, சங்கிலியில கட்டின ஒத்தை டாலெக் முன்னாடி எச்சில் தெறிக்க கத்துவார், அது திருப்பி "நீ நல்ல டாலெக்கா இருந்திருப்ப"ங்கும். அந்த நொடி அவர் மூஞ்சியை பாருங்க. பதினாறு வருஷமா தொடர்ச்சியா ஓடாம கிடந்த சீரிஸை தூக்கி நிறுத்தினது அந்த மூஞ்சிதான், கிரெடிட் மட்டும் டெனன்ட்டுக்கு போயிடுச்சு.

இப்ப என் கட்சி. மேட் ஸ்மித்தை எடுத்தப்போ அவருக்கு வயசு 26, டாக்டரா வந்ததுலயே சின்னவர், டெனன்ட் போன துக்கத்துல இருந்த கூட்டம் "இந்த பையனா"ன்னுச்சு. ஆனா தொள்ளாயிரம் வயசுங்கிறது உடம்புல தெரிஞ்சது இவர்கிட்டதான். நடக்கறது, உக்கார்றது, கைய என்ன பண்றதுன்னு தெரியாம ஆட்டறது எல்லாம் ஒரு கிழவரை சின்ன உடம்புல போட்டு அடைச்ச மாதிரி. முக்கியமான வித்தியாசம் என்னன்னா டெனன்ட் சோகமா இருந்தா நமக்கு காட்டிடுவார், மழையில நனைஞ்சுட்டு நிப்பார். ஸ்மித் மறைப்பார். 2010ல 'தி பிக் பேங்'ல தான் இல்லாமலே போகப் போறோம்னு தெரிஞ்சு, கூட பயணம் பண்ற பொண்ணோட சின்ன வயசு உருவமான, தூங்கிட்டு இருக்கிற குட்டி அமீலியா பக்கத்துல உக்காந்து கதை மாதிரி பேசிட்டு போவார், புலம்பல் கிடையாது, களைச்சுப் போன ஒரு தாத்தா பேத்திக்கு பேசற டோன். மேல சொன்ன ட்ரவுட்டன் சீனையும் இதையும் அடுத்தடுத்து போட்டு பாருங்க. குறை இல்லாம இல்ல, பின்னாடி 2013 பக்கம் வந்தப்போ கையாட்டல் ஓவர், ஸ்பீச்சும் ஓவர்.

பீட்டர் கபால்டி, எடுத்தப்போ 55, சின்ன வயசுல இருந்தே வெறித்தனமான ரசிகர், 2008ல பாம்பேய் எபிசோட்ல வேற ரோல்ல வந்துட்டும் போனவர். 'ஹெவன் சென்ட்'ல கிட்டத்தட்ட முழு எபிசோடும் தனியா. ஒரு கோட்டை, மெதுவா துரத்தற ஒரு உருவம், வைரத்தை விட கெட்டியான ஒரு சுவர். குத்துவார், சாவார், திரும்ப முதல்ல இருந்து வருவார், நானூத்தி அம்பது கோடி வருஷம். ஒவ்வொரு தடவையும் "ஏன் நான் தோத்துட கூடாது"ன்னு குழந்தை மாதிரி கேப்பார், அப்புறம் எழுந்து மறுபடி குத்த போவார். டிவி நடிப்புல இந்த சீரிஸ் தொட்ட உச்சம் இதுதான்னு ஸ்மித் கட்சில இருந்துட்டே சொல்றேன். 2014 சீசன்ல அவரை ரொம்ப கடுகடுன்னு எழுதி வச்சதுல நிறைய பேர் பாதியில போயிட்டாங்க, அது அவர் தப்பில்ல. நடிப்புக்கு மார்க் போட்டா கபால்டிதான் முதல்ல, ஆனா நடுராத்திரி கதவை தட்டி "கூட வர்றியா"ன்னு கேட்டா நான் ஸ்மித் கூடத்தான் போவேன்.

எழுத்து எப்படி ஒரு ஆளை கொல்லும்கிறதுக்கு காலின் பேக்கர். கண்ணை குத்தற கலர் கலரா ஒட்டுப்போட்ட கோட்டு, முதல் கதையிலயே கூட வர்ற பொண்ணு கழுத்தை நெறிக்கிறார், 1985ல சீரிஸே 18 மாசம் நின்னுச்சு, கடைசியில அவரைத்தான் வெளிய அனுப்பினாங்க. அதே ஆளை பிக் ஃபினிஷ் ஆடியோ நாடகங்கள்ல கேளுங்க, தங்கமான டாக்டர். மாறினது எழுத்து மட்டும்தான்.

விட்டேக்கர் விஷயத்துலயும் இதேதான். கூட எப்பவும் ரெண்டு மூணு பேர், இவங்க எல்லாருக்கும் பாடம் நடத்தற மாதிரி வசனம், தனியா நிக்க இடமே தரல. 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'ல, 1947 பிரிவினை, கூட வர்ற யாஸோட பாட்டியை கட்டின ப்ரேம் சுடப்படுறதை தடுக்கவும் முடியாது நின்னு பாக்கவும் முடியாது, திரும்பி நடக்கணும். அந்த நடையில அவங்க நல்ல நடிகைங்கிறது தெரியுது, அந்த மாதிரி இன்னும் பத்து சீன் எழுதியிருந்தா இன்னிக்கு இந்த சண்டையில அவங்களுக்கும் ஒரு கட்சி இருந்திருக்கும்.

ஷுட்டி கட்வாவுக்கு ரெண்டே குட்டி சீசன், எட்டெட்டு எபிசோட். எப்ப பாத்தாலும் அழறார்னு ஒரு குறை சொல்வாங்க, கொஞ்சம் நிஜம்தான். ஆனா 2024ல 'டாட் அண்ட் பபிள்' கடைசி சீன்ல, அவர் தோல் நிறத்துக்காக அவர் உதவியே வேணாம்னு சாகப் போறாங்க சில பணக்கார பசங்க, இவர் முதல்ல நம்ப முடியாம சிரிப்பார், அப்புறம் ஒரு கத்தல். முன்னாடி இருந்த எந்த வெள்ளைக்கார டாக்டருக்கும் இந்த சீனை எழுதியிருக்கவே முடியாது. 2025 மே கடைசியில அவர் மாறினப்போ பில்லி பைப்பர் முகம் வந்துச்சு, அதாங்க எக்கிள்ஸ்டன், டெனன்ட் கூட வந்த பழைய ரோஸா நடிச்சவங்க, ஆனா டைட்டில்ல டாக்டர்னு போடல, வெறும் பேர்தான் போட்டாங்க, அதனால இப்போதைக்கு அவங்களை எந்த லிஸ்ட்லயும் சேக்கல.