ஒரே ஒரு போலீஸ் உடுப்பு, ஸ்டேஷன் நிறைய போலீஸ்: 'குங் ஃபியூரி' குறும்படம்

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தவன், போனில் 'குங் ஃபியூரி'யைப் போட்டுத் தொலைத்தேன். இது நாலாவது தடவை. மொத்தமே 31 நிமிடம்தான், 2015 மே மாதக் கடைசியில் யூடியூபில் இலவசமாக விட்டார்கள். இன்னும் பார்க்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், பார்த்தவர்கள் எப்படியும் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார்கள்.

கதை என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும். 1985, மியாமி. மின்னல் தாக்கி, அதே நேரத்தில் நாகப்பாம்பும் கடித்து, அதனாலேயே குங்ஃபூ வரம் பெற்ற ஒரு போலீஸ்காரன். ஹிட்லரே காலம் தாண்டி வந்து, போனுக்குள்ளேயே துப்பாக்கியை வைத்துச் சுட, அந்தப் பக்கம் ஸ்டேஷனில் ஆட்கள் விழுகிறார்கள். சரி, இவனும் காலம் தாண்டிப் போய் அவனைத் தீர்த்துவிடலாம் என்று கிளம்பினால், கணக்கு தப்பி, வட ஐரோப்பாவின் பழைய கடலோடிப் போர்வீரர்களான வைக்கிங்குகளின் காலத்தில் போய் விழுகிறான். அங்கே டைனோசர் இருக்கிறது, அவர்களுடைய இடிக் கடவுள் தோர் இருக்கிறார். லாஜிக் பார்க்கிறவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் மறுபடி மறுபடி பார்ப்பது கதைக்காக இல்லை. கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. பச்சைத் துணியைக் கட்டி, ஆளை மட்டும் வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், முடி ஓரத்தில் பச்சை ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். ஒரு ரிசப்ஷனில் மணமக்களுக்குப் பின்னால் அரண்மனை வரவேண்டும் என்று கேட்டார்கள் என்று துணியைக் கட்டி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், கிளிப்பச்சைப் பட்டில் வந்திருந்த மணப்பெண்ணின் அத்தைக்குத் தலையும் இரண்டு கையும் மட்டும்தான் இருந்தன, நடுவில் அரண்மனைத் தூண் தெரிந்தது. அந்த அனுபவத்தோடு பார்ப்பவனுக்கு இந்தப் படம் வேறு மாதிரி தெரியும்.

எடுத்தவர் டேவிட் சாண்ட்பெர்க், ஸ்வீடன்காரர். விளம்பரப் படம் எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, எழுத்து, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. மியாமிக்கெல்லாம் போகவில்லை, வட ஸ்வீடனில் உமேயோ என்ற ஊரில் அவருடைய அலுவலகத்தில் பச்சைத்திரை கட்டி எடுத்தார். கைக்காசு சுமார் 5,000 டாலர் போட்டு முதலில் டிரெய்லர் எடுத்தபோது, ஒரே ஒரு போலீஸ் உடுப்புக்குத்தான் வசதி இருந்ததாம். அதனால் ஸ்டேஷன் காட்சிக்கு ஒவ்வொருவராக அதே உடுப்பை மாட்டி, தனித்தனியாக எடுத்து, கடைசியில் எல்லாரையும் ஒரே ஃபிரேமில் ஒட்டிவிட்டார். அந்த டிரெய்லரை 2013 டிசம்பரில், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் போட்டுக் கேட்டது 2 லட்சம் டாலர், வந்தது 6,30,019. கொடுத்தவர்கள் 17,713 பேர்.

நாஜிப் படைக்குள் அந்தப் போலீஸ்காரன் ஒருத்தனாகப் புகுந்து அடிக்கும் சண்டை இருக்கிறதே, அங்கேதான் நான் எப்போதும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பழைய வீடியோ கேம் மாதிரி கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும், வெட்டே தெரியாது, வருகிறவன் எல்லாம் உதை வாங்கிப் பறப்பான். ஒரே ஷாட் போலத் தெரியும் அது, 60-க்கும் மேற்பட்ட டேக்குகளைச் சேர்த்து ஒட்டியது. ஒவ்வொரு ஒட்டிலும் வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும், கேமரா வேகம் ஒத்துப்போக வேண்டும். எனக்கு இரண்டு டேக்கை ஒட்டுவதற்குள்ளேயே விடிந்துவிடும்.

இன்னொரு கெட்டிக்காரத்தனம், படம் பழைய விஎச்எஸ் கேசட் மாதிரி தேய்ந்து, நிறம் வழிந்து, கோடு கோடாக ஓடுவது. ஊரில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு அதைப் பார்த்ததும் படத்தைச் சரிசெய்யும் டிராக்கிங் குமிழைத் திருகக் கை பரபரக்கும். ஏக்கத்துக்காக மட்டும் செய்தது என்று நினைக்காதீர்கள். கிராபிக்ஸின் ஓரம் எங்கே பிசிறினாலும் அந்தக் கோடும் புள்ளியும் மூடிவிடும். சிக்கனத்தையே ஸ்டைலாக்கிவிட்டார் மனுஷன்.

குறை இல்லாமல் இல்லை. ஆளையே கொல்லும் கேம் மெஷினோடு ஆரம்பிக்கும் முதல் பத்து நிமிடத்தின் வேகம், வைக்கிங் பகுதியில் பொசுக்கென்று இறங்கிவிடுகிறது. துப்பாக்கியோடு கம்பீரமாக அறிமுகமாகும் இரண்டு பெண்களுக்கு அப்புறம் பெரிதாக வேலையே இல்லை. சில ஜோக்குகள் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். ரத்தம் தெறிப்பது பொம்மை மாதிரிதான் இருக்கும், ஆனாலும் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். இரண்டாம் பாகத்தைப் பெரிய நட்சத்திரங்களோடு 2019-இல் எடுத்தார்கள், அது பணத் தகராறில் மாட்டிக்கொண்டது தனிக்கதை.

போனில் பார்ப்பதானால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சிந்தசைசர் இசைக்கு அது அவசியம். நான் இப்போதெல்லாம் மண்டபத்தில் நீலத்துணிதான் கட்டுகிறேன். அதற்கும் ஒருநாள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு அத்தை வருவார்.