ராமேஸ்வரம் லாட்ஜில் லிப்ட்: பழையதை ஓட்டிய அனுபவமும் புதியதைப் போட்ட அனுபவமும்

ராமேஸ்வரத்தில், அக்னி தீர்த்தத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், எங்கள் குடும்பத்துக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. மூன்று மாடி, ஒரே லிப்ட். அப்பா போட்ட லிப்டை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, 2023-ல் கழற்றிப் புதியது போட்டோம். மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை என்று கடலை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர்கள் லிப்ட் போடும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

எந்தக் கம்பெனிக்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி, "லிப்ட் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்பதுதான். எங்கள் ஊரில் வருடக் கணக்கு பெரிதாக உதவாது. உப்புக் கணக்குதான் பார்க்க வேண்டும். காற்றில் வரும் உப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்கள் மேலேயே ஏறி வரும் உப்பை யாரும் யோசிப்பதில்லை. கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்ற அறைக்குத்தான் வருகிறார்கள். ஈரத்துணியோடு தரிசனத்துக்குப் போக முடியாது. கடலில் குளித்த கையோடு நேரே வருபவர்களும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். சொட்டும் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து லிப்டுக்கு அடியில் உள்ள குழியான பிட்டுக்குள் விழும். கூடவே மணலும். அடித்தளத்தில் இருக்கும் இடிதாங்கி ஸ்பிரிங் பஃபர், கூண்டு வழுக்கி ஓடும் ரெயிலின் அடிப்பகுதி, வேகம் மீறினால் லிப்டை நிறுத்த வைக்கும் கவர்னரின் ரோப்பை இழுத்துப் பிடிக்கும் கப்பி எல்லாம் முதலில் அங்கேதான் துருப்பிடிக்கும். மாடியில் எந்த அறிகுறியும் தெரியாது.

பழைய லிப்ட் மடக்குக் கேட் போட்டது. ஆறு பேர், 408 கிலோ. யாராவது மூன்றாவது மாடியில் கேட்டைச் சரியாக மூடாமல் போனால் கீழே உள்ளவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். "கேட்டை மூடுங்கய்யா" என்று படிக்கட்டில் சத்தம் போடாத நாளே கிடையாது. அதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. என்னை உறுத்தியது அது நிற்கும் விதம். இரண்டு வேக மோட்டார் என்பதால் ஆள் ஏறிய எடையைப் பொறுத்துத் தளத்துக்கு ஒரு இஞ்ச் மேலேயோ கீழேயோ நிற்கும். வயதானவர்கள் காசியிலிருந்து கங்கை நீரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த ஒரு இஞ்ச்சில் கால் தட்டினால் என்ன ஆகும்?

பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உதிரி பாகமும் சேர்த்த ஒப்பந்தம் என்று கூடுதல் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். லிப்டை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில், மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் ரிலே காண்டாக்ட்கள் பச்சை பூத்து லிப்ட் பாதியில் நின்றபோது, "துருவும் தண்ணீர் சேதமும் இதில் வராது" என்று ஒரு வரியைக் காட்டினார்கள். இந்தக் கடற்கரையில் துருவை எடுத்துவிட்டால் பழுது என்று மிச்சம் என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். அதை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் உழைப்புக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு, பாகங்களை நீங்களே வாங்குவது மேல்.

மாற்றலாம் என்று முடிவெடுக்க வைத்தது கூண்டைத் தூக்கும் ரோப்தான். மதுரையிலிருந்து வந்த டெக்னீஷியன், பார்க்க நன்றாகவே இருந்த 13 மில்லிமீட்டர் கம்பி ரோப்பை வெள்ளைத் துணியால் இறுக்கிப் பிடித்து மெதுவாக இழுத்தார். துணியில் கிரீஸ் கறுப்பு வரவில்லை. செங்கல் பொடி நிறத்தில் ஒரு தூள் ஒட்டியது. உள்ளே இழைகள் ஒன்றோடொன்று உரசித் துருவாக வெளியே வருகிறது என்றார். அப்புறம் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். கூண்டைச் சமன் செய்யும் எதிர் எடைப் பக்கம் நன்றாகவே மெலிந்திருந்தது. "ரோப்பை மட்டும் மாத்தாதீங்கண்ணே, மேல கப்பியில பள்ளம் விழுந்திருக்கு. புது ரோப்பையும் அது தின்னுடும்." கப்பி, ரோப், கன்ட்ரோலர் மூன்றும் போனால் மிச்சம் ரெயிலும் கூண்டும்தான். சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று இறங்கினோம்.

அந்த நேரம் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடாமல் இருந்தது. 1914-ல் திறந்த பாலம். 2022 டிசம்பரோடு ஓட்டம் நிறுத்தப்பட்டு, ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். அதன் நடுவே உள்ள 72.5 மீட்டர் தூக்குப் பகுதி, 17 மீட்டர் உயரம் செங்குத்தாக ஏறும். எதிர் எடை, கப்பி, கம்பி ரோப் என்று அடிப்படையில் நம் லிப்ட் மாதிரியேதான். நாங்கள் லிப்ட் மாற்றியபோது அதன் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது; அங்கே துருவுக்கு என்ன செய்கிறார்கள் என்று அப்போதே விசாரித்தேன். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்புக்குப் பாலிசிலாக்சேன் பெயிண்ட் என்றார்கள். அந்த யோசனையோடுதான் எங்கள் பட்ஜெட்டைப் பிரித்தோம். கண்ணாடி, டச் பட்டன், கூண்டில் விளக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசைக் கதவுப் பள்ளம், தரைத்தள கதவுச் சட்டம், பிட் சாமான்களில் போட்டோம். துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் கேட்டோம். வழக்கமாகத் தரும் 304 இங்கே சில மாதத்திலேயே டீக்கறை போலப் பழுப்பாகிவிடும். 316-ல் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பைத் தாங்கும்.

மோட்டாருக்கு மெஷின் ரூம் என்று தனி அறை இல்லாத மாடல்தான் இப்போது எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூண்டு ஏறி இறங்கும் பாதையின் உச்சியிலேயே மோட்டார் உட்கார்ந்தால், ரோப்பைத் துடைக்கவும் பிரேக்கைப் பார்க்கவும் ஒவ்வொரு முறையும் கூண்டு மேல் ஏற வேண்டும். எங்களிடம் மாடியில் அறை ஏற்கனவே இருந்தது. கடல் பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, எதிர்ப்பக்கம் காற்றுப்போக்கி வைத்தோம். உப்புப் படிவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

உரிமம் தனிக் கதை. 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு லிப்ட் சட்டப்படி மின் ஆய்வுத்துறை அனுமதி, உரிமம் இரண்டும் வேண்டும். பழையதன் உரிமம் புதியதற்குச் செல்லாது. பழையதைக் கழற்றும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

புதியது எட்டுப் பேர் லிப்ட். சில மழைக்காலம் பார்த்துவிட்டது. தளத்தோடு மட்டமாக நிற்கிறது. கரண்ட் போனால் பேட்டரியில் பக்கத்துத் தளத்துக்கு வந்து கதவைத் திறந்துவிடுகிறது. இந்த இரண்டுக்காகவே செலவு செய்தது தகும். தொல்லை தருவது தானியங்கிக் கதவு. பள்ளத்தில் மணல் சேர்ந்தால் மூடப்போய் மறுபடி திறந்துகொள்ளும். தினமும் காலையில் பெயிண்ட் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தட்டி, மாதம் ஒருமுறை பிட்டில் இறங்கித் துடைக்க ஒரு பையனைப் பழக்கி வைத்திருக்கிறோம்; இறங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, சாவியை அவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டாயம். கதவை இயக்கும் எலக்ட்ரானிக் கார்டு பழுதானால் சென்னையிலிருந்து வர நாளாகும் என்பதால், ஒன்றை வாங்கி ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டோடு ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறோம்.