போடிமெட்டு ஏறும் பழைய வண்டி: பெட்ரோல் அளவுக்கு எதை நம்பலாம்?

போடி, கம்பம், கூடலூர்ப் பக்கம் பழைய பைக் வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரைத் தடவிப் பார்ப்பார்கள், ஆர்.சி.யைச் சரிபார்ப்பார்கள். பெட்ரோல் முள்ளை மட்டும் ஒப்புக்குப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பூப்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்குகிறவருக்கு அது பெரிய குறை. கேரளத்தில் பெட்ரோல் விலை தமிழகத்தைவிடக் கூடுதல். 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் சேர்ந்துகொண்டது. அதனால் இந்தப் பக்கம் நிரப்பி, அதே பெட்ரோலில் வீடு திரும்பப் பார்ப்பதுதான் எல்லையோர வழக்கம். முள் பொய் சொன்னால் அந்தக் கணக்கு நடுமலையில் நின்றுவிடும்.

முள் பழுதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். டேங்குக்குள் மிதவை ஒன்று பெட்ரோலோடு ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கும், சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் ஒதுங்கும். நல்ல முள்ளும் அப்போது தவறாகத்தான் காட்டும். டேங்க் மேலே அகலம், கீழே குறுகல் என்பதால் பாதிக்குக் கீழே முள் வேகமாக இறங்குவதும் இயல்பு. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தும் முள் துள்ளினாலோ, ஒரே இடத்தில் கிடந்தாலோ, அப்போது அதைப் பழுது எனலாம்.

பலரும் முதலில் நம்புவது ரிசர்வ், அதாவது டேங்கின் அடியில் ஒதுக்கி வைத்த கடைசிப் பெட்ரோல். கார்புரேட்டர் வண்டியில் வண்டி திணறியதும் டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேப்பைத் திருப்பினால் ஓடும், செலவில்லை. ஆனால் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், பின்னால் தோட்டத்து ஜீப் வந்துகொண்டிருக்கும்போது வண்டி திணறுவதை நான் ஒரு வழியாக ஏற்க மாட்டேன். பழைய உரிமையாளர் டேப்பை ரிசர்விலேயே விட்டிருந்தால் திருப்பவும் ஒன்றும் இருக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமான பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதாவது பம்ப் தள்ளும் பெட்ரோலை இன்ஜினுக்குத் தெளிக்கும் முறை. அவற்றில் அந்த டேப்பே கிடையாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப், சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்கிறது. அடிக்கடி வற்றவிட்டால் பம்ப்புக்கே கேடு.

ட்ரிப் மீட்டர் இதைவிடப் பல மடங்கு மேல். டேங்கை நிரப்பி மீட்டரைச் சுழியமாக்கி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரிந்துவிடும். தேனிச் சாலையில் கிடைத்த எண்ணை மலைக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். போடியிலிருந்து மெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். பாதி வழி இரண்டாம் கியர், பின்னால் ஓர் ஆள், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. மலைக்கென்று தனியாக ஒரு மைலேஜ் எடுங்கள். 10 லிட்டர் டேங்க், மலையில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் 400 என்று எண்ணாமல், இரண்டு லிட்டரை ஒதுக்கி 320-இல் பங்க்கைத் தேடுங்கள். ட்ரிப் மீட்டர் இல்லாவிட்டால் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து வைத்தாலும் போதும். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து கிடக்கும் வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. அதை மாற்றாமல் இந்த வழி நடக்காது. பெட்ரோல் ஒழுகினாலோ யாராவது உறிஞ்சி எடுத்தாலோ இந்தக் கணக்குக்குத் தெரியாது என்பது இதன் ஒரே ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் முள்ளையும் சரிசெய்யச் சொல்கிறேன். முதலில் டேங்குக்கு அடியில் வரும் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். மலை மழையில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பூட்டினாலே பல வண்டிகளில் முள் எழுந்துவிடும். அதிலும் தீராவிட்டால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மிதவை பொருத்திய டேங்க் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். மிதவையின் கை உரசி ஓடும் மின்தடைப் பட்டை ஒன்று உள்ளே இருக்கும். மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துக் கையை மெல்ல உயர்த்தினால் எண் சீராக மாற வேண்டும். நடுவில் அறுந்து துள்ளினால் அந்த இடம் தேய்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டால் மிச்சமும் போய்விடும். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டையாகி மூழ்கிக் கிடக்கிறது என்று பொருள்.

யூனிட்டை மாற்றுவதானால் அந்த மாடலுக்குரிய அசல் பொருளையே கேளுங்கள். மலிவு யூனிட்டின் மின்தடை அளவு மீட்டரோடு ஒத்துப்போகாவிட்டால், நிறைந்த டேங்க் முக்காலாகத் தெரியும். சில இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப்போடு சேர்த்துத்தான் கிடைக்கும், விலையும் ஏறும். அந்த விலைக்குக் கையில் பணம் சேரும்வரை ட்ரிப் மீட்டரில் ஓட்டலாம். வெளியில் விற்கும் டிஜிட்டல் கேஜ் இந்த வேலைக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது உயிரோடு விளையாடுவது. அதை ஒரு வழியாக எண்ணவே வேண்டாம்.

யூனிட்டையும் பேட்டரியையும் பூட்டியதும், வடித்த பெட்ரோலை லிட்டர் லிட்டராக அளந்து திரும்ப ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மூடியைப் பூட்டிய பிறகு சாவியைத் திருப்பி, முள் நிற்கும் இடத்தைச் சீட்டில் எழுதுங்கள். இரண்டு லிட்டரில் முள் எங்கே நிற்கிறதோ அங்கே மீட்டர் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.