பீடோங்கில் சைக்கிள் ஃபோர்க் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பீடோங் பட்டணத்துக் கடை ஒன்றில் என் மகனின் சைக்கிளுக்கு முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கவை) மாற்றக் கொடுத்து நாங்கள் ஏமாற்றப்பட்ட விவரத்தை, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உள்ளவர்கள் அறிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். புகார் விசாரணைக்குப் போகவிருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

செம்பனைக்குலை ஏற்றிய லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது சைக்கிள் கால்வாயில் இறங்கி, ஃபோர்க் பின்பக்கமாக வளைந்துவிட்டது. வளைந்த இரும்பு ஃபோர்க்கை நிமிர்த்தி ஓட்டக்கூடாது என்று கடைக்காரர் சொன்னது சரிதான். புது ஃபோர்க், புது பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 130 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, ரசீதில் 'ரிப்பேர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய ஃபோர்க்கைக் கேட்டதற்குப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம், ஹேண்டலுக்குக் கீழே ஃபோர்க் சுழலும் கழுத்துப் பகுதியில் 'டக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. திரும்பக் கொண்டுபோனால் மேல் நட்டை இறுக்கிக் கொடுப்பார். ஹேண்டல் திரும்ப மறுக்கும், பிறகு மறுபடியும் ஆட்டம் காணும். கடைசியில், "அண்ணே, நம்ம தோட்டத்து ரோட்டுக்கு எந்த ஃபோர்க் போட்டாலும் இப்படித்தான் சத்தம் வரும்" என்று பழியைச் செம்மண் சாலையின் மேல் போட்டுவிட்டார்.

சுங்கைப் பட்டாணியில் வேறொரு மெக்கானிக் என் கண் முன்னாலேயே அதைப் பிரித்தார். ஃபோர்க்கின் கழுத்தடியில் இறுக்கமாக உட்கார வேண்டிய வளையத்தின் மேல்தான் கீழ்ப் பேரிங் சுழல்கிறது. கழுத்துக்குள் ஏறும் குழாய் ஓர் அங்குலமாக உள்ள ஃபோர்க்குகளில் இந்த வளையம் உட்காரும் இடம் 26.4 மில்லிமீட்டர், 27.0 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகளில் வருகிறது. எங்கள் பழைய வளையம் 27.0, புதிதாகப் போட்ட ஃபோர்க்கோ 26.4. அந்த இடம் பெரிதாக இருந்தால் கடைந்து சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க வழியில்லை. ஆகவே பொருத்தமான வளையம் வாங்குவதே முறை. ஆனால் அந்தக் கடைக்காரர் பால் டின் தகட்டை வெட்டி இடைவெளியில் சொருகி, மேலே கிரீஸைப் பூசி மறைத்திருந்தார். பணம் வாங்கிய 'புது' பேரிங், துரு அரித்த பழைய பேரிங்தான். அது போதாதென்று, குழாயின் நீளமும் குறைவாக இருந்ததால், மேல் நட்டு இரண்டே சுற்றுதான் மரையில் பிடித்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது இதைக் கண்டபோதுதான். அந்த நட்டு கழன்றிருந்தால் இறக்கத்தில் பிள்ளையின் கதி என்னவாகியிருக்கும்?

பிரித்த பாகங்களைப் படம் எடுத்துக் காட்டியும், பாதிப் பணம் தருகிறேன் என்றுதான் கடைக்காரர் பேரம் பேசினார். செய்யும் வேலையை முறையான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உத்தரவாதமாக்குகிறது. அதன்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. நானும் கொடுத்திருக்கிறேன்.

அண்மையில் இப்பகுதியில் ஃபோர்க் மாற்றியவர்கள் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கழுத்தின் கீழ்க் கிண்ணத்தில் (கீழ்ப் பேரிங் உட்காரும் இடம்) விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். தெரிந்தால் பிள்ளைகளை ஓட்ட விடாமல் வேறு கடையில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.