சுங்கை சிப்புட் மருந்துக்கடையில் வாங்கிய கேப்சைசின் களிம்பு

பல்லாண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாயாருக்குக் கணுக்காலில் தீராத அரிப்பு. சொறிந்து சொறிந்தே தோல் தடித்துக் கறுத்துவிட்டது என்று தோல் மருத்துவர் உறுதிசெய்த பின்னர், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பசார் (சந்தை) அருகிலுள்ள மருந்துக்கடையில் 0.025 விழுக்காட்டுக் கேப்சைசின் களிம்பை வாங்கினோம்.

கடையில் மாட்டியிருந்த விளம்பர அட்டை, இக்களிம்பு 'நரம்பு ஏற்பியைத் தடுத்துத் தோலைச் சீராக்கும்' என்கிறது, அது சரியன்று. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், நரம்பு நுனியில் சூட்டையும் காரத்தையும் உணரும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது. தொடர்ந்து பூசிவந்தால் அந்நுனிகள் தம்மிடமுள்ள 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் நியூரோபெப்டைடு (நரம்புகள் செய்தி கடத்தும் சிறு புரதத்துண்டு) குறைந்து, காலப்போக்கில் உணர்வு மழுங்குகின்றன. 11 அமினோ அமிலங்களாலான அப்பொருள் தோல் உயிரணுக்களின் என்.கே.1 ஏற்பியில் சேரும்போது, ஆய்வுக்கூட வளர்ப்பில் அவை பெருகுவதைத் தூண்டுகிறது. அந்த ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டால் அத்தூண்டுதல் தணிகிறது. தடுப்பான் என்ற பெயருக்கு உரியது, என்.கே.1 ஏற்பியை அடைக்கும் அப்ரெபிடன்ட் போன்ற மருந்தே. அதுவும் 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்காக, அரிப்புக்காக அன்று. அதே வகையில் அரிப்புக்கென்றே முயன்று பார்த்த செர்லோபிடன்ட் என்னும் மருந்து, முடிச்சு அரிப்பு நோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனைகளில் இலக்கை எட்டவில்லை என 2020இல் அறிவிக்கப்பட்டது. வளர்ப்புத் தட்டில் கண்டது நோயாளியின் காலில் அப்படியே நிகழ்ந்துவிடும் என்று விளம்பரம் எழுதுவோர் நம்புவதுதான் வியப்பு.

களிம்பைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் எரிச்சல் கடுமையாக இருந்தது. நம் ஊர் வெயிலில் வியர்த்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ அது இரட்டிப்பானது. அம்மி அரைத்துப் பழகிய அம்மாவே முகம் சுளித்தார். நாளில் பலமுறை தவறாமல் பூசினால்தான் பயன் தெரிகிறது. விட்டுவிட்டுப் பூசினால் ஒவ்வொரு முறையும் எரிச்சல் புதிதாகத் தொடங்குகிறது. அரிப்பு முதலில் அடங்கியது. தடித்த தோல் வெகு தாமதமாகவே மென்மையானது. அதற்குக் களிம்பு எவ்வளவு, சொறிவதை நிறுத்தியது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

மருந்தாளரின் சேவைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். உள்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், புண்பட்ட தோலில் பூசக்கூடாது, பூசியபின் சோப்பால் கைகழுவ வேண்டும், கண்ணைத் தொடக்கூடாது என்று அம்மாவுக்குப் பொறுமையாகத் தமிழில் விளக்கினார். உள்ளங்கையளவு இடத்து அரிப்புக்கு இதை வாங்கலாம். உடல் முழுவதும் அரித்தால் காரணத்தை மருத்துவரிடம் கண்டறிவதே முறை. வாங்குவோர் சிறிய குழாயையே முதலில் எடுங்கள். எரிச்சலைத் தாங்க முடியாமல் பாதியில் விடுபவர்கள் நிறைய என்று அந்த மருந்தாளரே சொன்னார்.