விண்டோஸ் ஹோமும் புரோவும்: மதர்போர்டு மாற்றிய பிறகு எழுதுவது

மதர்போர்டு மாற்றப் போயிருந்த லேப்டாப் போன வாரம்தான் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. அரவேனுவில் இருக்கும் தம்பி ஒருவன் போன் செய்ததும் அப்போதுதான். "அண்ணா, காம்ப்டியா ஏ பிளஸ் படிக்கப் போறேன். லேப்டாப்ல ஹோம் இருந்தா போதுமா, புரோ வேணுமா?" ஏ பிளஸ் என்பது கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வு, இரண்டு தாள்கள். போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இரண்டு பதிப்பையும் வைத்துக்கொண்டு படித்தவன், வேலை பார்த்தவன் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

இரண்டாவது தாளுக்குப் படிப்பவர்கள் எல்லோரும் பதிப்புகளின் அட்டவணையை மனப்பாடம் செய்திருப்போம். ரேம் உச்சவரம்பு ஹோமுக்கு 128 ஜிபி, புரோவுக்கு 2 டிபி, எண்டர்பிரைஸுக்கும் புரோ ஃபார் வொர்க்ஸ்டேஷன்ஸுக்கும் 6 டிபி. டொமைனில், அதாவது அலுவலகத்தின் பொது நிர்வாக வலையமைப்பில், சேர்க்க ஹோமில் முடியாது. கம்ப்யூட்டருக்கு விதிமுறைகள் வைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் ஹோமில் கிடையாது. இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் தலையில் ஏறிவிடும். எனக்கு ஆத்திரம் வருவது இரண்டு வரிகள் மேல். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைய உதவும் ரிமோட் டெஸ்க்டாப் ஒன்று, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இன்னொன்று. நான் படித்த புத்தகத்தில் இரண்டுக்கும் நேரே ஹோம் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் டீ ஃபேக்டரியில் கணக்கு அறையில் இருப்பது புரோ. பச்சை இலை எடை போடும் இடத்தில் இருப்பது ஹோம். எடை அறையில் உட்கார்ந்துகொண்டு கணக்கு அறை கம்ப்யூட்டருக்குள் தாராளமாகப் போகலாம். ஆனால் மேலே கணக்கு அறையில் இருந்துகொண்டு எடை கம்ப்யூட்டருக்குள் வர முடியாது. ஹோமுக்குப் போகத் தெரியும், வருபவருக்குக் கதவு திறக்கத் தெரியாது. தூரத்திலிருந்து உதவ விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறதே என்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து எண் அடித்து அனுமதி கொடுக்க வேண்டும். இலை இறங்கும் நேரத்தில் எடை போடுகிறவருக்கு அதற்கு ஏது கை? மழையில் முற்றம் கடந்து நானே இறங்கிப் போகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இது தினப்படி வேலை.

இப்போது பிட்லாக்கர்.

என் லேப்டாப் ஹோம் பதிப்போடு வந்தது. தங்கை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது, முதலில் அவள் கணக்கில்தான் திறந்தது. கரன்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரியில் போர்டு போனது. சர்வீஸ் கடையில் புதுப் போர்டு போட்டு, "எல்லாம் ஓகே சார்" என்று கொடுத்தார்கள். வீட்டில் வந்து ஆன் செய்தால் நீலத் திரை. மேலே பெரிதாக பிட்லாக்கர் ரெகவரி என்று தலைப்பு. கீழே 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது.

ஹோமில் பிட்லாக்கர் இல்லை என்று அட்டவணை சொல்கிறது, ஹோம் மெஷின் பிட்லாக்கர் பெயரைச் சொல்லிச் சாவி கேட்கிறது. நடப்பது இதுதான். வசதியுள்ள மெஷினில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தால், ஹோமிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் டிஸ்க் பூட்டப்பட்டுவிடும். உள்ளே வேலை செய்வது அதே பிட்லாக்கர்தான். பூட்டைத் திறக்கும் ரகசியம் போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. போர்டு மாறினால் சிப்பும் மாறும், டிஸ்க் சந்தேகப்படும். சந்தேகப்படுவதுதான் அதன் வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. போர்டு மாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் கடைக்காரர், "சாவி இருக்கா சார்?" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

சாவி இருந்தது தங்கையின் கணக்கில். அவள் இப்போது திருப்பூரில். எங்கள் வீட்டில் சிக்னல் வாசலில்தான் ஒழுங்காகக் கிடைக்கும், லேப்டாப்பை அங்கேயே தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதலில் திரையில் இருந்த சாவி அடையாள எண்ணைப் படித்தேன், அவள் தன் கணக்கில் பார்த்து, "ஆமாண்ணா, இதேதான்" என்றாள். அப்புறம் ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். "ஒவ்வொரு கட்டமா சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு." நடுவில் ஒரு கட்டத்தில் பேச்சு விட்டு விட்டு வந்தது. ஏழா எட்டா என்று புரியாமல் அடித்தேன், அந்தக் கட்டத்திலேயே தவறு என்று திரை சொல்லிவிட்டது.

இந்த ஒரு விஷயத்துக்காக இதை வடிவமைத்தவர்களுக்குக் கும்பிடு போடலாம். அந்தச் சாவியின் ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11-ஆல் மீதமின்றி வகுபடும்படி உருவாக்கப்படுகிறது. ஒரு இலக்கம் மாறினாலும் வகுபடாது, உடனே தெரிந்துவிடும். 48 இலக்கத்தையும் அடித்து முடித்த பிறகு எங்கோ தப்பு என்று சொல்லியிருந்தால், அந்தச் சிக்னலில் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். எந்தப் பாடத்திலும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

மெஷின் திறந்ததும் புரோவுக்கு மாறினேன். ஆக்டிவேஷன் பக்கத்தில் புரோவுக்கான லைசென்ஸ் எண்ணைக் கொடுத்தால் போதும், ஒரு ரீஸ்டார்ட், கோப்புகள் அப்படியே இருக்கும். (திரும்ப ஹோமுக்கு இறங்க நினைத்தால் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.) ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷனுக்குக் கண்ணில் படுவது ஒரே ஒரு சுவிட்ச். புரோவில் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தலாம், சாவியைத் தாளில் அச்செடுக்கலாம், பென்டிரைவுக்கும் பூட்டுப் போடலாம். விண்டோஸுக்குள்ளேயே தனியாக ஒரு தற்காலிக விண்டோஸைத் திறக்கும் சாண்ட்பாக்ஸ் இன்னொரு சந்தோஷம். சந்தேகமான கோப்பை அதில் திறந்து பார்த்து மூடினால் தடயமே இருக்காது.

படிப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது. பாடத்தில் வரும் ஜிபிஎடிட்டை (குரூப் பாலிசி எடிட்டரைத் திறக்கும் கட்டளை) ஹோமில் அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் lusrmgr-ஐத் திறந்தால் இந்தப் பதிப்பில் பயன்படுத்த முடியாது என்கிறது. அதற்கும் வழி உண்டு. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, 90 நாள் இலவசமாகக் கிடைக்கும் எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பை ஏற்றிக்கொண்டால் எல்லாவற்றையும் கையால் செய்து பார்க்கலாம். பெரிய டவுன்லோடு என்பதால் மலையில் மொபைல் டேட்டாவை நம்பாதே, நல்ல லைன் உள்ள இடத்தில் இறக்கிக்கொள்.

அதனால் தம்பி, நியாயமாகச் சொன்னால் உனக்கு ஹோம் போதும். மிச்சமாகும் பணத்தில் ரேம் கூட்டு. புத்தகம் வாங்கும்போது ஏ பிளஸ் தாள் எண் 1201, 1202 என்று பார்த்து வாங்கு. 1101, 1102 தாள்கள் 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 10-க்கும் அந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது, பழைய மெஷின் மலிவாக வந்தாலும் வேண்டாம். தேர்வில் கேட்டால் ஹோமில் பிட்லாக்கர் இல்லை என்றே விடை கொடு. லேப்டாப் வந்த அன்றைக்கே உன் பிட்லாக்கர் சாவி யார் கணக்கில் இருக்கிறது என்று பார்த்துத் தாளில் எழுதி வை.

நான் மட்டும் இனி ஹோம் வாங்க மாட்டேன். எடை அறைக்கும் புரோ லைசென்ஸ் கேட்டு முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.